இரண்டாவது வன்தட்டுக்கு எந்தக் கோப்பு முறைமை

2009 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.40
கண்டி

பொருள்: வன்தட்டுகளுக்கான கோப்பு முறைமை குறித்து நீ கேட்டது

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் இம்மாதம் ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்குக் கிடைத்தது. நீ அதை எழுதிய திகதி எங்கும் இல்லை. இலண்டன் தபால் முத்திரையும் பாதி அழிந்திருந்தது. இருபத்தாறு வயதில், அடுத்த மாதம் எட்டாம் திகதி தாலி கட்டப் போகிறவன், ஒரு கடிதத்துக்குத் திகதி இடத் தெரியாமல் இருக்கிறான் என்பதை முதலில் குறித்துவைக்கிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நீ எழுதிய வரிகளை இங்கே அப்படியே பெயர்த்து எழுதுகிறேன். "புது வீட்டிலை வைக்கிற கணினிக்கு ரெண்டு தட்டுப் போடுறன் அப்பா. எந்தக் கோப்பு முறைமையைப் போடலாம் எண்டு இந்த முறை நீங்களே சொல்லுங்கோ. போன முறை நான் தெரிஞ்செடுத்ததாலைதான் அம்மான்ரை குரல் போச்சு. வாசுகிக்கும் அதைச் சொல்லிப்போட்டன்." இந்த நான்கு வாக்கியங்களில் கடைசி வாக்கியம் இல்லாதிருந்தால் நான் வழமைபோல அரைப்பக்கத்தில் பதில் எழுதி அனுப்பியிருப்பேன். நீ உன்னுள் ஒரு பிழையான பதிவை வைத்திருக்கலாம். அது உன் விடயம் என்று இரண்டு வருடம் விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பதிவின் பிரதி இப்போது நீ கட்டப்போகிற பெண்ணின் கைக்கும் போய்விட்டது. முப்பத்துமூன்று வருடம் ஒரு கந்தோரின் பதிவறையைப் பார்த்துக்கொண்டவன் நான். பிழையான பதிவு ஒன்று கிளைவிடத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே திருத்தம். அந்தக் கோப்பு முறைமையை நீ தெரிந்தெடுக்கவில்லை, நான் தெரிந்தெடுத்தேன். பதிந்துவைத்த உன் அம்மாவின் குரல் மின்தடையால் போகவில்லை, நான் அழித்தேன். தவறுதலாக அல்ல. முதல் தடவை பயத்தினால், இரண்டாம் தடவை நிதானமாக. இவ்வளவையும் வாசித்த பிறகு கடிதத்தை மூடிவைக்க விரும்பினால் வைக்கலாம். ஆனால் கீழே உள்ளதை வாசிக்காமல் வாசுகியிடம் போய்ப் பாதிக் கதை சொல்லாதே. பாதிக் கதை சொல்வது எங்கள் குடும்பத்தில் என்னோடு முடியட்டும்.

உனக்கு உன் அம்மாவின் படங்கள் ஏன் இல்லை என்று ஒன்பது வயதில் ஒருமுறை கேட்டாய். "கலவரத்திலை எரிஞ்சுபோச்சு" என்றேன். அது பொய் அல்ல. ஆனால் எரித்தது யார் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 1983 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. உனக்கு ஒரு வயதும் நான்கு மாதமும். நகரப் பக்கத்தில் புகை எழுவது எங்கள் முற்றத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மையார் வேலியருகே வந்து, "நோனாவையும் பபாவையும் எங்கட வீட்டுக்கு அனுப்புங்க, கெதியா" என்றார். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பின்னால் வருவதாகச் சொல்லி வீட்டில் நின்றேன். பெயர்ப்பலகையைக் கழற்றினேன். சுவாமிப் படங்களை இறக்கினேன். அத்தோடு நின்றிருக்கலாம். கலியாண அல்பம், உன் அம்மாவின் பள்ளிக்கூடப் படங்கள், நீ பிறந்த முப்பத்தோராம் நாள் எடுத்த படங்கள், பொட்டு வைத்த முகம் தெரிந்த அனைத்தையும் வீட்டின் பின்கோடியில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினேன். அல்பத்தின் அட்டை தடிப்பானது. ஒன்றேகால் மணித்தியாலம் எரிந்தது. கிளறிவிட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று எங்கள் ஒழுங்கைக்குள் வீடு எரிக்க ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தக் கிழமை முழுவதும் வரவில்லை. உன் அம்மா திரும்பி வந்து சாம்பலைப் பார்த்தபோது அழவில்லை. உன்னை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு ஒரு வசனம் சொன்னார்: "அவங்கள் வரேல்லை. நீங்கள் வந்திட்டியள்." அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் இந்த வீட்டில் சமைத்தார், சங்கீதம் படிப்பித்தார், என் சேர்ட்டுகளுக்குக் கஞ்சி போட்டார். அந்த வசனத்தைத் திரும்பச் சொன்னதில்லை. நான் அதை மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பதிவறையில் வேலை செய்தவனுக்கு இருக்கக்கூடாத மூடத்தனம் அது.

ஒலிநாடாக்கள் பற்றி உனக்குத் தெரியும். இருந்தாலும் வாசுகிக்குத் தெரியவேண்டும் என்பதற்காக முழுமையாக எழுதுகிறேன். மருந்து இனி வேலை செய்யாது என்று சொல்லப்பட்ட பிறகு, 2005 ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை, உன் அம்மா தன் பழைய சங்கீத வகுப்பு நாடாக்களின் மேல் ஒன்பது நாடாக்கள் பதிந்தார். பெரிய உபதேசம் எதுவும் அவற்றில் இல்லை. நான்காவதில் சொதிக்கு எப்போது பால் விடுவது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் நாயைத் துரத்திவிட்டு வருகிறார். ஆறாவதில் நான் குறட்டை விடும் விதத்தைச் செய்து காட்டி, இருமல் வந்து, இருமலுக்குள்ளும் சிரிக்கிறார். ஒன்பதாவது நாடா மட்டும் வேறு. அது உனக்கு வரப்போகிற பெண்ணுக்கு. தாலி கட்டுகிற நாள் வரை அதை நீயும் கேட்கக்கூடாது, நானும் கேட்கக்கூடாது என்று என் முன்னால் உன்னிடம் சத்தியம் வாங்கினார். என்னிடம் வாங்கவில்லை. என் சத்தியத்தை அவர் ஒரு பொருளாக மதிக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது. நவம்பர் 3, வியாழக்கிழமை இறந்தார்.

அடுத்த வருட மழைக்குள்ளேயே நாடாக்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. நீ அப்போது பேராதனையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாய். பஞ்சினால் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஏற்றினாய். ஒன்பதாவதை ஏற்றும்போது ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, திரையில் அலை எழுவதையும் விழுவதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாய். நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி. கதவடியில் நின்று உன்னைப் பார்த்தேன். என் மகன் இவ்வளவு நேர்மையானவனாக இருப்பது எனக்குப் பெருமையாக இல்லை, எரிச்சலாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அந்த உரையாடல். 2006 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. குரலுக்கென்று தனியாக வாங்கிய இரண்டாவது வன்தட்டுக்கு எந்தக் கோப்பு முறைமை என்று மூன்று தெரிவுகளை ஒரு தாளில் காரணத்தோடு எழுதித் தரும்படி உன்னைக் கேட்டேன். வன்தட்டு ஒரு பதிவறை என்றால், கோப்பு முறைமை அதன் ஒழுங்கு: எந்தக் கோப்பு எந்த அடுக்கில், எவர் திறக்கலாம், பாதி வேலையில் விளக்கு அணைந்தால் எங்கே விட்டோம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது. நீ விளங்கப்படுத்திய விதம் அது. நன்றாகத்தான் விளங்கப்படுத்தினாய்.

"எஃப்.ஏ.டி. 32 போடுவம் அப்பா. பழசுதான். ஆனால் எந்தக் கணினியிலை கொழுவினாலும் திறக்கும். அம்மான்ரை குரல் ஆருக்கும் கேக்கக்கூடியதா இருக்கவேணும்."

"கண்டவையும் கேக்கக்கூடாது எண்டுதானே தனித்தட்டு வேண்டினது. கரண்ட் போனால்?"

"அதுதான் அதின்ரை குறை. எழுதிக்கொண்டு இருக்கேக்கை கரண்ட் போனால் குழம்பும். அப்ப என்.டி.எஃப்.எஸ். போடுவம். அதிலை நாட்குறிப்பு இருக்கு, விண்டோஸும் திறக்கும்."

"நாட்குறிப்போ?"

"செய்யப்போறதை முதலிலை எழுதி வைச்சிட்டுத்தான் செய்யும். இடையிலை நிண்டால் அதைப் பாத்துச் சரிப்படுத்தும். லினக்ஸின்ரை ஈ.எக்ஸ்.டி. 3 இலும் இருக்கு. ஆனால் அது வேண்டாம். விண்டோஸுக்கு அதை வாசிக்கத் தெரியாது. வெறுந்தட்டு எண்டு சொல்லி, அழிச்சு ஒழுங்குபடுத்தவோ எண்டு கேக்கும். ஆரும் தெரியாமல் அழிச்சுப்போடுவினம்."

அந்த இடத்தில்தான் நான் சொன்னேன், உனக்கு நினைவிருக்கும்: "இந்த வீட்டிலை தெரியாமல் அழிக்கிற ஆக்கள் இல்லை."

பிறர் கண்ணில் படாமல் இருக்கும் என்பதற்காகவே அந்த ஈ.எக்ஸ்.டி. 3ஐத் தெரிந்தெடுத்தேன். உறவினர் பிள்ளைகள் வந்து விண்டோஸில் விளையாடினாலும் அவர்கள் கைக்கு எட்டாது. மின்தடையைத் தாங்கும். நாட்குறிப்பும் எழுதும். எனக்கென்றே செய்த முறைமை என்று நினைத்தேன். ஒளித்துவைத்த பொருள்தான் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாகும் நாட்டில் இருக்கிறோம் என்பதை, அதே நாட்டில் அறுபத்தேழு வருடம் வாழ்ந்தவன் யோசிக்கவில்லை. நீ ஒரு சீ.டி. இறுவட்டிலும் பிரதி எடுத்து வைப்போம் என்று கெஞ்சினாய். "மூலம் ஒண்டுதான். ரெண்டு இருந்தால் ரெண்டுமே மூலமில்லை" என்று காணி உறுதிகளுக்கான விதியை உன் அம்மாவின் குரலுக்கும் பொருத்தினேன். உன் தாளில் முதல் இரண்டு தெரிவுகளையும் சிவப்பு மையால் வெட்டினேன். நாடாக்களை நானே வெளியே எறிந்தேன். நீ செய்த ஒரே பிழை, நான் வெட்டியதை ஏற்றுக்கொண்டது.

அவ்வருடம் செப்டெம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, நீ விடுதியில் இருந்தபோது, லினக்ஸைத் திறப்பதற்கு நீ எனக்கு எழுதித் தந்த ஏழு படிகளையும் பின்பற்றி ஒன்பதாவது பதிவைக் கேட்டேன். மூன்று தடவை. அதில் உள்ளவற்றைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அது உனக்கல்ல. என்னைப் பற்றிய பகுதியை மட்டும் இங்கே எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் அது இல்லாமல் மற்றது விளங்காது. "பிள்ளை, உன்ரை பேர் தெரியாமல் கதைக்கிறன், குறை நினையாதை" என்று தொடங்குகிறார். நடுவில் சொல்கிறார்: "இவன்ரை தேப்பன் கெட்ட மனிசன் இல்லை. பயந்த மனிசன். அவங்கள் வரமுதல் இவர் வந்திடுவார். இவனிட்டையும் அந்தக் குணம் கண்டியெண்டால், உனக்கு அருமையான சாமான் ஒண்டையும் இவன்ரை கையிலை குடாதை."

இருபத்திரண்டு வருடம் கஞ்சி போட்ட சேர்ட்டை அணிந்துகொண்டு அந்தக் கதிரையில் இருந்தேன்.

2007 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 7.20. தமிழ் வீடுகளில் சோதனை. நீ தொழிற்பயிற்சிக்காகக் கொழும்பில் இருந்தாய். ஓர் உப பொலிஸ் பரிசோதகரும் இரண்டு பொலிஸ்காரரும் வந்தார்கள். சோதனை நடந்ததை உனக்குச் சொன்னேன். அவர்கள் கணினியைத் திறந்ததைச் சொல்லவில்லை. பரிசோதகர் வவுனியாவில் கடமை பார்த்தவர். அங்கே பழகிய தமிழ் கொஞ்சம் இருந்தது. அலுமாரியைத் திறந்தார், மூடினார். கணினியின் முன்னால் அமர்ந்தார். முதலாவது தட்டில் என் ஓய்வூதியக் கடிதங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். இரண்டாவதை அமத்தினார். தட்டு ஒழுங்குபடுத்தப்படவில்லை, இப்போது ஒழுங்குபடுத்தவா என்று திரை கேட்டது.

"மே மொகத, மாத்தயா? இது என்ன, ஒண்டும் இல்லையா?"

"ஒண்டுமில்லை. வெறுந்தட்டு."

"புதுசா?"

"ஓம், புதுசு."

"புதுசில இவ்வளவு தூசா?" என்று சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். "மகன்ட பெட்டியா?"

"வீட்டுப் பெட்டி."

"சரி. ஸ்டேஷன்ல ஒரு ஆள் இரிக்கி, கம்பியூட்டர் நல்லாத் தெரியும். இத கழட்டிக் கொண்டு போறது, பாக்கிறது, புதன்கிழமை திருப்பித் தாறது. ரிசீட் எழுதித் தாறேன், பயப்பட வேணாம்." கதிரையைத் திருப்பிக்கொண்டு ரசீதுப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். திகதி எழுதினார். சரியான திகதி. என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டார்.

அந்த நேரம் நான் கையை நீட்டினேன். இயந்திரம் என்னிடம் மூன்று தடவை கேட்டது. ஒழுங்குபடுத்தவா என்றது, ஆம் என்றேன். விரைவாகச் செய்யும் பெட்டியில் அடையாளமிட்டேன்; தொடங்கவா என்றது, தொடங்கு என்றேன். இதிலுள்ள அனைத்தும் அழியும், சம்மதமா என்றது; சம்மதம் என்றேன். இயந்திரம் மூன்று தடவை கேட்டதை அந்த மனிதர் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ மாத்தயா, ஏன் அமத்தினது? நான் சொல்லல்லையே." பேனையை மூடினார். என் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நாங்க இன்னும் ஒண்டும் செய்யல்லையே" என்றார், கோபமாக அல்ல, ஒரு முதியவருக்குச் சொல்வது போல. பிறகு, "வெறுந்தட்டக் கொண்டுபோய் நான் என்ன செய்யிறது" என்று பாதி எழுதிய ரசீதைக் கிழித்து மேசையில் வைத்தார். மூவரும் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நேரம் 7.48.

ஏழாவது நாடாவில் உன் அம்மா தன் தமையன் மகன் போராளி இயக்கத்துக்குப் போனதைப் பெயர் சொல்லி அழுகிறார். அது அவர்கள் கையில் கிடைத்திருந்தால் கொழும்பில் இருந்த உனக்கு என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியும். உன்னைக் காப்பாற்றத்தான் அமத்தினேன் என்று எழுதினால் நீ நம்புவாய். வாசுகியும் கண் கலங்குவாள். ஆனால் அந்த நேரம் எனக்கு ஏழாவது நாடா நினைவில் இல்லை. அது அடுத்த நாள் முற்பகல் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது, ஒரு நல்ல நியாயமாக. அமத்திய கணத்தில் எனக்குள் உன்னைப் பற்றிய ஒன்றும் இருக்கவில்லை. பயம் மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் தட்டு பத்திரமாக இருக்கிறதா என்று நீ கேட்டபோது, மின்தடைக்குப் பிறகு தட்டு லினக்ஸிலும் திறக்கவில்லை என்றேன். உன் குரல் உடனே மாறியது. "அப்பா, ஒண்டும் எழுதாதேங்கோ. தொடவும் வேண்டாம். சனிக்கிழமை நான் வாறன்." ஏன் எழுதக்கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. புதன்கிழமை தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கெலிஓயாவில் கணினிக்கடை வைத்திருக்கும் ரவூப் நானாவிடம் போனேன். அதை உனக்கு வாங்கித் தந்ததும் அவரிடம்தான். நடந்ததை அவருக்கு மட்டும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தட்டைக் கொழுவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், என்னத்துக்கு முகம் இப்பிடி? ஒண்டும் போகல்ல. நீங்க விரைவுல தானே போட்டீங்க. அலுமாரிட சாவி தொலஞ்சிருக்கி, அவ்வளவுதான். சாமான் எல்லாம் உள்ளுக்கு இரிக்கி. மகன்ட கையில குடுங்க, அவர் எடுப்பார். ஒண்ட மட்டும் செய்ய வேணாம், இதுக்கு மேல எதையும் எழுதிறாதீங்க. எழுதினாத்தான் மவுத்து, எல்லாம் போயிரும்."

ஒரு மனிதனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. பேருந்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கம்பளைப் பக்கமிருந்து மழை கூடவே வந்தது. பேராதனைச் சந்தி வரும்வரை எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சந்தியைக் கடந்த பிறகு யோசித்தேன்: எல்லாம் திரும்பி வந்தால் ஒன்பதாவதும் திரும்பி வரும். உன் கலியாண நாளில், நூறு பேருக்கு நடுவில், உன் அம்மா எழுந்து நின்று என்னைச் சொல்வார்.

வியாழக்கிழமை முற்பகல் 9.05க்குத் தொடங்கினேன். ஸ்கேன் செய்து வைத்திருந்த என் சேவைக் கடிதங்கள், ஓய்வூதியப் பத்திரங்கள், பதவியுயர்வு மறுக்கப்பட்டதற்கு எதிராக நான் அனுப்பிய முறையீடுகள், எல்லாவற்றையும் இரண்டாவது தட்டில் பிரதி செய்தேன். பிறகு பிரதிகளைப் பிரதி செய்தேன். மூலம் ஒன்றுதான் என்று சொன்னவன், ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான தடவை எழுதினேன். தட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் வட்டம் ஒன்று இருக்கிறதே, அதில் வெற்றிடம் இளஞ்சிவப்பு, நிரம்பியது நீலம். நடுவில் எழுந்து தேநீர் போட்டேன். மத்தியானம் சோறு சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30க்கு வட்டம் முழுவதும் நீலமானது. பரிசோதகர் வரவில்லை. இயந்திரம் பழுதுபடவில்லை. நான் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை நீ வந்தபோது உன் கையில் ஒரு தாளைத் தந்தேன். "மு.ப. 6.10 மின்தடை. 6.55 மின் வந்தது. படி 1 முதல் 4 வரை சரி. படி 5இல் தட்டு மறுக்கப்பட்டது. பின்னர் புதிய தட்டு எனக் கருதிப் பயன்படுத்தப்பட்டது." என் வாழ்க்கையில் நான் பொய்யாக எழுதிய நேரங்கள் அவை இரண்டும்தான். தொடவேண்டாம் என்று சொன்னேனே என்று நீ கேட்டாய். தொலைபேசியில் சரியாகக் கேட்கவில்லை என்றேன். நீ தாளை இரண்டு தடவை வாசித்தாய். நிலத்தில் அமர்ந்தாய். "நீங்கள் நேரம் பிழையா எழுதமாட்டியள் அப்பா" என்றாய். "என்ரை பிழைதான். அந்த முறைமையை உங்களுக்குக் காட்டினதே நான்தானே." இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். சொல்லவில்லை. உன்னை எழுப்பிச் சாப்பிட வைத்தேன். அதை இரக்கம் என்று நீ நினைத்திருப்பாய்.

அத்தோடும் நான் நிற்கவில்லை. அவ்வருடம் செப்டெம்பர் 2, பேராதனை நிலையத்தில், நீ இலண்டன் போவதற்காகக் கொழும்பு ரயிலேற நின்றபோது, என் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாய். "அம்மா ஒருக்காத்தான் செத்தவ. ரெண்டாந்தரம் சாக்காட்டினது நீ" என்றேன். ரயில்பெட்டிக்குள் இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. ஏன் சொன்னேன் என்று நீ கேட்டதில்லை, கேளாமலே சொல்கிறேன். குற்றம் இந்த வீட்டில்தான் இருந்தது. நீ போகிறாய், நான் அதோடு தனியே இருக்கவேண்டும். உன் பெட்டியில் அதை வைத்து அனுப்பிவிட்டால் வீடு காலியாகும் என்று நினைத்தேன். காலியாகத்தான் இருந்தது. பதினாறு மாதம் நான் நன்றாக நித்திரை கொண்டேன். இதை உன்னை நோகடிப்பதற்காக எழுதவில்லை. உண்மையான பதிவில் இதுவும் இருக்கவேண்டும்.

இனி உன் கேள்விக்கான பதில். வீட்டுக் கணினியின் இரண்டு தட்டுகளுக்கும் என்.டி.எஃப்.எஸ். போடு. உன் தாளில் நீ இரண்டாவதாக எழுதியதும் நான் வெட்டியதும் அதுதான். நாட்குறிப்பு இருக்கிறது, மின்தடையைத் தாங்கும், உன் வீட்டுக்கு வருகிற எவரும் திறக்கலாம். எஃப்.ஏ.டி. 32 போட்டால் நான்கு கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. கலியாண வீடியோ அதைத் தாண்டும். அனுமதிப் பூட்டுப் போடாதே. வாசுகிக்குத் திறக்கத் தெரியாத எதையும் அந்த வீட்டில் வைக்காதே. இரண்டாவது தட்டில் முதலாவதின் பிரதி இருக்கட்டும். மூன்றாவது பிரதி ஒன்றை வாசுகி தன் தாய்வீட்டில் வைக்கட்டும், எங்கே என்று உன்னிடம் சொல்லாமல். உனக்குப் பயம் வரும் நாள் ஒன்று வரும். அன்று உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் எல்லாம் இருக்கக்கூடாது. உன்னை நான் சந்தேகிக்கவில்லை. உன்னுள் இருக்கும் என் இரத்தத்தைச் சந்தேகிக்கிறேன்.

இதற்குப் பிறகு எந்தக் கோப்பு முறைமை, எந்த வீடு, எந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதே. பிழை செய்தவன் நீ என்று நம்பியபடியால்தான் கேட்டாய். கலியாணத்துக்கு நான் வரவில்லை. விசா கிடைக்கவில்லை என்று அங்கே சொல்லவேண்டாம், நான் விண்ணப்பிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் நீ தந்துவிடுவாய், ஒன்பதாவது நாடாவை ஒலியில்லாமல் ஏற்றியவன் நீ. எனக்கு அது தகாது, உனக்கும் அது நல்லதல்ல.

இந்தப் பொதியை ரவூப் நானாவின் தம்பி எடுத்து வருகிறார். 22ஆம் திகதி, வியாழக்கிழமை புறப்படுகிறார். பொருட்களை எண்ணிச் சரிபார்த்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பிற்பகல் 6.15

இத்துடன் உள்ளவை:

(அ) உன் கையெழுத்தில் 2006 ஜூன் 18ஆம் திகதிய தாள், ஒன்று. சிவப்பு வெட்டுகள் என்னுடையவை.

(ஆ) பொலிஸ் ரசீது, ஒன்று. பாதி எழுதப்பட்டது. திகதி சரி.

(இ) நான் உனக்குத் தந்த பொய்ப்பதிவு, ஒரு தாள். அன்று அதை நீ மேசையில் விட்டுப் போயிருந்தாய். இரண்டு நேரங்களையும் வெட்டி, சரியான நேரத்தை ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

(ஈ) வன்தட்டு, ஒன்று. என் கடிதங்களால் நிரம்பியது. உன்னைப் போன்றவர்களுக்கு இதிலிருந்து இன்னும் ஏதாவது எடுக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியாது என்று நானா சொல்கிறார்.

(உ) ஒட்டிய உறை, ஒன்று, வாசுகிக்கு. தாலி கட்டிய பின் அவள் மட்டும் பிரிக்கவேண்டும். உன் அம்மா நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடியில் சொன்னது, எனக்கு நினைவில் உள்ளபடி, ஒன்றரைப் பக்கம். என்னைப் பற்றிய வசனத்தை நீக்கவில்லை. இரண்டு இடங்களில் சொற்கள் நினைவுக்கு வரவில்லை. அந்த இடங்களை நான் நிரப்பவில்லை, வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.